கேலிச்சித்திரம் வரைந்ததற்காகக் கைது செய்ய முடியுமா?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயங்களைக் கேட்டிருக்கிறார். 2017-இல் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த தீக்குளிப்பைக் கேலிச்சித்திரமாக வரைந்த கார்ட்டூனிஸ்ட் பாலாவைக் கைது செய்தது சட்டப்படி சரிதானா என்பது ஒன்று; முதலமைச்சரையும் அதிகாரிகளையும் ஆடையில்லாமல் வரைவதைக் கருத்துரிமை என்று எப்படிச் சொல்ல முடியும் என்பது மற்றொன்று. ஆனால் கடைசி வரியில், தானும் அரசியல் படங்கள் வரைந்து முகநூலில் வெளியிடுவதாகச் சொல்கிறார். ஆகவே, எதை வரைந்தால் போலீஸ் வீட்டுக்கு வரும் என்பதையே அவர் அறிய விரும்புகிறார் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் வழக்கறிஞர். நீதிமன்ற வேலையோடு, பத்திரிகைப் பக்கங்கள் அச்சுக்குப் போகும் முன் அவற்றைப் படித்துப் பார்த்து, எது வம்பில் கொண்டுபோய் விடும் என்று சொல்லும் வேலையையும் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் முதலில் சொல்ல வேண்டியது, ஒரு படம் அநாகரிகமா என்பதும், அது குற்றமா என்பதும், வரைந்தவரைக் கைது செய்யலாமா என்பதும் மூன்று தனித்தனிக் கேள்விகள் என்பது. நம் ஊர் விவாதங்களில் இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. முதல் கேள்வியில் என் கருத்துக்குத் தனி மதிப்பு எதுவும் இல்லை. அதை ஓவியர்களும் வாசகர்களும் பேசிக்கொள்ளட்டும். மற்ற இரண்டுக்கும் சுருக்கமாகப் பதில் சொன்னால், இந்தியாவில் கேலிச்சித்திரம் வரைந்ததற்காக நீதிமன்றத்தில் குற்றம் நிரூபிக்கப்பட்டுத் தண்டனை பெறுவது மிக அரிது. அதற்காகப் பிடித்துச் செல்லப்படுவது அவ்வளவு அரிதல்ல. உங்களைப் போன்றவர்கள் புரிந்துகொள்ள வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைத்தான்.

பாலா வழக்கின் விவரம் பலருக்கு மறந்திருக்கும். 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள். கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனு கொடுத்தும் பலனில்லை என்று ஒரு கூலித் தொழிலாளி, மனைவியுடனும் இரண்டு பெண் குழந்தைகளுடனும் ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே தீயில் கருகினார். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால்தான் அன்றைய கோபத்தின் அளவு புரியும். எரியும் குழந்தை ஒன்று தரையில் கிடக்க, ஆட்சியர், காவல் ஆணையர், முதலமைச்சர் மூவரும் ஆடையின்றி, ரூபாய் நோட்டுகளால் மானத்தை மறைத்துக்கொண்டு நிற்பதாகப் பாலா வரைந்தார். ஆட்சியர் கொடுத்த புகாரின் பேரில் நவம்பர் 5 அன்று சென்னையில் கைது செய்யப்பட்டுத் திருநெல்வேலிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மறுநாளே அங்குள்ள நீதிமன்றம் ஜாமீன் வழங்கியது. அவர்மேல் போடப்பட்ட பிரிவுகள் இரண்டு: அவதூறானதை அச்சிடுவது பற்றிய இந்திய தண்டனைச் சட்டம் 501, ஆபாசமானதை மின்னணு வடிவில் வெளியிடுவது பற்றிய தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67.

இந்த இரண்டு பிரிவுகளும் ஏன் ஜோடியாக வந்தன என்பதைப் பார்த்தால் கைதின் தன்மை விளங்கிவிடும். அவதூறு என்பது போலீஸ் தானாக எடுத்து விசாரிக்கக்கூடிய குற்றமல்ல. மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் அதில் யாரையும் கைது செய்ய முடியாது. பாதிக்கப்பட்டவர் நேரடியாக நீதிமன்றத்தில் முறையிட வேண்டும். அரசு ஊழியரின் அலுவல் சார்ந்த நடத்தை பற்றிய அவதூறு என்றால் அரசின் அனுமதி பெற்று அரசு வழக்கறிஞர் செஷன்ஸ் நீதிமன்றத்தில் முறையிடலாம். சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் கிரிமினல் அவதூறுச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தபோதுகூட, இதில் போலீஸுக்கு இடமில்லை என்பதை விளக்கமாகவே சொன்னது. ஆக, 501-ஐ மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. அதற்குப் பக்கத்தில் 67 வந்து உட்கார்ந்தால் தட்டலாம், ஏனென்றால் அது போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம். அந்தப் பிரிவு அதற்காகவே சேர்க்கப்பட்டது என்று என்னால் நிரூபிக்க முடியாது; ஆனால் இந்த மாதிரி முதல் தகவல் அறிக்கைகளைப் படித்துப் பழகிய எவரும் முதலில் கவனிப்பது இதைத்தான். அப்படியே 67 பொருந்தும் என்று வைத்துக்கொண்டாலும், முதல் முறைக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை மூன்றாண்டு, ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்கு அழைப்பதே முறை என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆகவே படம் குற்றமா என்ற கேள்விக்குள் போகாமலேயே, அந்தக் கைது தேவையற்றது என்று தயங்காமல் சொல்லலாம்.

படம் குற்றமா என்பதற்கு வருவோம். ஆடையில்லாமல் வரைந்தாலே ஆபாசம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. காமத்தைத் தூண்டுவதாகவோ பார்ப்பவரின் மனத்தைக் கெடுப்பதாகவோ இருந்தால்தான் 67-ஆம் பிரிவின் பிடிக்குள் வரும். ஒரு படத்தின் நிர்வாணத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பார்க்காமல், அது சொல்ல வரும் செய்தியோடும் சமூகத்தின் இன்றைய அளவுகோலோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அவீக் சர்க்கார் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பாலாவின் படத்தைப் பார்த்தவருக்குக் கோபம் வந்திருக்கலாம், அருவருப்பு வந்திருக்கலாம், ஆட்சியரின் குடும்பத்தாருக்கு வேதனையும் வந்திருக்கும். காமம் வந்திருக்க வழியே இல்லை. 2021-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த வழக்கை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு படத்தைப் பாராட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் தேர்ந்தெடுத்த முறை சர்ச்சைக்குரியது என்பதை மறுக்காமல், நான்கு உயிர்கள் போன சூழலையும் கந்துவட்டியின்மேல் கவனத்தைத் திருப்பும் நோக்கத்தையும் வைத்துப் பார்க்கையில் இது குற்றமாகாது என்றும், மக்களுக்கு நன்னெறி கற்பிப்பது நீதிமன்றத்தின் வேலையல்ல என்றும் பொருள்படச் சொன்னது. அநாகரிகம் வேறு, குற்றம் வேறு என்று நான் தொடக்கத்தில் பிரித்தது இதனால்தான். ஒரே நாளில் ஜாமீன் கிடைத்தவருக்கு வழக்கிலிருந்து விடுபட மூன்றரை ஆண்டுகள் ஆயின என்பதையும் மறக்க வேண்டாம்.

அவதூறைப் பொறுத்தவரை, பக்கம் பார்க்கும் வேலையில் எனக்கு உதவிய வழி ஒன்று உண்டு. படத்தைப் பார்த்து, அது சொல்வதை ஒரே வாக்கியமாக எழுதிப் பார்ப்பேன். அந்த வாக்கியம் மெய்யா பொய்யா என்று சோதிக்கக்கூடிய செய்தியாக இருந்தால் கையில் ஆதாரம் வேண்டும். கருத்தாக இருந்தால், அது நின்றுகொள்ளும் அளவுக்கு அடியில் உண்மையான நிகழ்வு ஒன்று இருந்தால் போதும். 'இந்த அதிகாரி இந்த ஒப்பந்தக்காரரிடம் இத்தனை லட்சம் வாங்கினார்' என்பது செய்தி. மூக்கை யானைத் தும்பிக்கையாக நீட்டி வரைந்தாலும் அது செய்திதான், கேலி என்ற போர்வை அதைக் காப்பாற்றாது. 'ஏழைகள் எரியும்போது அதிகார வர்க்கம் வெட்கமில்லாமல் வேடிக்கை பார்க்கிறது' என்பது கருத்து. அரசு ஊழியரின் பொது நடத்தை பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் கருத்துக்கு அவதூறுப் பிரிவிலேயே விதிவிலக்கு இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 499-இல் இருந்த அந்த விதிவிலக்குகள், அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவிலும் அப்படியே உள்ளன. சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடுவதைத் தடுக்க அதிகாரிகள் முயன்ற வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அரசு ஊழியர் தம் அலுவல் நடத்தை பற்றி எழுதப்பட்டதற்காக நஷ்டஈடு கேட்க வேண்டுமானால், பொய் என்று தெரிந்தோ உண்மையைப் பற்றிக் கவலையே படாமலோ எழுதினார்கள் என்று அவர்தான் காட்ட வேண்டும் என்கிறது அது. ஆனால் அது சிவில் வழக்குக்கான அளவுகோல். கிரிமினல் வழக்கில் அந்தப் பாதுகாப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் வழக்கறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நானும் அதை உறுதியாகச் சொல்ல மாட்டேன். பாலாவின் படத்திலிருந்த ரூபாய் நோட்டுகளை 'லஞ்சம் வாங்கினார்கள்' என்ற செய்தியாக ஒரு நீதிபதி படித்திருக்க முடியுமா என்றால், முடியும். வழக்கில் உண்மையான சிக்கல் இருந்தது அந்த இடத்தில்தான், ஆடையில் அல்ல.

படத்தில் குறிப்பிட்ட நபர் எவரும் இல்லை என்றால் அவதூறு வழக்கு பெரும்பாலும் நிற்காது. 1971-இல் சேலத்தில் நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டின் தீர்மானத்தைப் பத்திரிகைகள் வெளியிட்டது பற்றி எழுந்த வழக்கில், திராவிடர் கழக மாநாடு என்பது இன்னார் இன்னார் என்று வரையறுக்க முடியாத கூட்டம், அதற்காக ஒருவர் அவதூறு வழக்குப் போட முடியாது என்று 1972-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்படி அவதூறு வழி அடைபட்டிருக்கும்போது அதிகாரம் வேறு வழி தேடும் என்பதற்கு நம்மிடம் இருக்கும் மிகச் சிறந்த உதாரணம் 1987-இன் ஆனந்த விகடன் விவகாரம். 29.3.1987 இதழின் அட்டையில் வந்தது ஒரு சாதாரண நகைச்சுவைத் துணுக்குப் படம். மேடையில் இருக்கும் இருவரில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று ஒருவர் கேட்க, ஜேப்படிக்காரன் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரன் மாதிரி இருப்பவர் மந்திரி என்று மற்றவர் சொல்வதாக அமைந்தது. யாருடைய முகச் சாயலும் அதில் இல்லை, கட்சிக் கொடி இல்லை, ஊர் பெயர் இல்லை. இதற்கு அவதூறு வழக்கு எங்கே போடுவது? சட்டமன்றத்தின் உரிமை மீறப்பட்டது என்று பேரவை எடுத்துக்கொண்டது. அட்டையிலேயே மன்னிப்பு வெளியிட வேண்டும் என்று கேட்டபோது ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியன் மறுத்தார். ஏப்ரல் 4 அன்று அவருக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. 'வானளாவிய அதிகாரம்' என்ற சொல்லால் இன்றும் நினைவுகூரப்படும் பி.எச். பாண்டியன்தான் அப்போது சபாநாயகர்.

நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது, எம்.ஜி.ஆர். அரசு இரண்டு நாளில் அவரை விடுவித்தது. பெரும்பாலான ஆசிரியர்கள் அத்துடன் வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் விடவில்லை, தண்டித்ததே தவறு என்று உயர்நீதிமன்றம் சென்றார். 1994-இல் அந்தச் சிறைவாசம் சட்டவிரோதமானது என்று தீர்ப்பு வந்தது; ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்கப்பட்டது. தொகை பெரிதல்ல என்பதுதான் அதன் அழகு என்று எனக்குத் தோன்றுகிறது. பணத்துக்காக அல்லாமல், பேரவை செய்தது தவறு என்று எழுத்தில் பெறுவதற்காகவே அவர் ஏழாண்டுகள் காத்திருந்தார்.

இந்தத் தீர்ப்பால் பேரவைகளின் அதிகாரம் போய்விட்டது என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. அரசமைப்புச் சட்டத்தின் 194(3) பிரிவு, சட்டமன்றங்கள் தங்கள் உரிமைகளைச் சட்டமாக எழுதி வைக்கும் வரை, பிரிட்டிஷ் மக்களவையிடமிருந்து தொடக்கத்தில் பெற்ற உரிமைகளையே வைத்துக்கொள்ளலாம் என்கிறது. எந்தச் சட்டமன்றமும் முழுமையாக எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தால் அந்தச் சட்டத்தை அடிப்படை உரிமைகளோடு உரசிப் பார்க்க முடியும் என்பதே காரணம் என்று விஷயம் தெரிந்தவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். உரிமை மீறல் நடவடிக்கை பேச்சுரிமைக்கு மேலானதா கீழானதா என்ற கேள்வி, 2003-இல் தமிழகப் பேரவை இந்து நாளிதழின் ஆசிரியர் குழுவினருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் பதினைந்து நாள் சிறை விதித்தபோது மீண்டும் உச்ச நீதிமன்றம் சென்றது. தண்டனைக்கு உடனே தடை கிடைத்தது. அடிப்படைக் கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. ஆகவே சட்டமன்ற உறுப்பினர்களைப் பொதுவாகக் கொள்ளைக்காரர்கள் என்று இன்று வரைந்தால் பேரவை உங்களை அழைக்கவே முடியாது என்று நான் சொல்லத் துணிய மாட்டேன். அழைத்தால் நீதிமன்றம் தலையிடும் என்பதை மட்டும் நம்பிக்கையோடு சொல்லலாம்.

1987-க்கும் 2017-க்கும் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. விகடன் அட்டைக்காகச் சிறை சென்றவர் ஆசிரியர். துணுக்கை எழுதியவரோ படம் போட்டவரோ அல்ல. பத்திரிகையில் ஆசிரியர் என்று பெயர் அச்சாகிறவரே அதில் வந்ததைத் தேர்ந்தெடுத்தவர் என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது. அதனால் கார்ட்டூனிஸ்டுக்கு முன்னால் ஆசிரியர், வெளியீட்டாளர், நிறுவனத்தின் வழக்கறிஞர் என்று ஒரு வரிசை நின்றது. பல சமயம் அந்த வரிசையே படத்தை முடக்கியும் வைத்தது என்பது வேறு கதை. வேண்டாம் என்று நானே சொல்லி, அச்சேறாமல் போன படங்கள் சில உண்டு. அவற்றில் எல்லாமே ஆபத்தானவை என்று இப்போது சொல்ல மாட்டேன். தன் பக்கத்தில் தானே வரைந்து தானே வெளியிடும் ஒருவர் ஆசிரியரும் அவரே, வெளியீட்டாளரும் அவரே. தடுப்பவர் யாரும் இல்லை என்ற சுதந்திரத்தோடு, தாங்குபவர் யாரும் இல்லை என்பதும் சேர்ந்தே வருகிறது. உங்கள் நிலை இதுதான்.

இன்னொன்றையும் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். விகடன் ஆசிரியர் தண்டிக்கப்பட்டது ஒரு சனிக்கிழமை. தேசியச் சின்னத்தின் சிங்கங்களை ஓநாய்களாக வரைந்த அசீம் திரிவேதி 2012 செப்டம்பரில் மும்பையில் தேசத்துரோகப் பிரிவில் கைதானதும் சனிக்கிழமை. பாலா கைதானது ஞாயிற்றுக்கிழமை. 2025 பிப்ரவரியில், பின்னால் சொல்லப்போகும் விவகாரத்தில், விகடன் இணையதளம் முடங்கியது சனிக்கிழமை. திட்டமிட்டுச் செய்தார்கள் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. கொல்கத்தாவில் முதல்வர் பற்றிய கேலிப்படத்தை மின்னஞ்சலில் அனுப்பிய பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா 2012-இல் பிடிக்கப்பட்டது வாரநாளில்தான். ஆனால் நீதிமன்றங்கள் மூடியிருக்கும் நாளில் வழக்கறிஞரைத் தேடுவது எவ்வளவு கடினம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பேராசிரியர் வழக்கிலிருந்து முழுதாக விடுபட 2023 ஜனவரி வரை ஆயிற்று. அதற்கு இடையில், 2015-இல், ஷ்ரேயா சிங்கால் வழக்கில், அவர்மேல் போடப்பட்டிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவே ரத்தாகிவிட்டது. திரிவேதி விவகாரத்தை ஒட்டி மும்பை உயர்நீதிமன்றம், அரசையோ அரசியல்வாதியையோ விமர்சிப்பது தேசத்துரோகம் ஆகாது, வன்முறைக்குத் தூண்டினால்தான் ஆகும் என்று அதே 2015-இல் விளக்கியது. தீர்ப்புகள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. அவை வந்து சேரும் நேரம்தான் வரைபவரைத் தண்டிக்கிறது.

இனி, இழிவுபடுத்துவது பற்றிய உங்கள் கேள்வி. அதை நான் தள்ளிவிட விரும்பவில்லை. 1949-இல் கார்ட்டூனிஸ்ட் சங்கர் வரைந்த ஒரு படத்தில் அம்பேத்கர், அரசமைப்புச் சட்டம் என்று எழுதிய நத்தையின் மேல் சாட்டையோடு அமர்ந்திருக்கிறார். பின்னால் நேருவும் சாட்டையை ஓங்கிக்கொண்டு நிற்கிறார். அரசியல் நிர்ணய சபை தொடங்கி மூன்றாண்டு நெருங்கியும் வேலை முடியவில்லை என்ற அன்றைய பொறுமையின்மைதான் அதன் வாக்கியம் என்று நான் படிக்கிறேன். 2012 மே மாதம், பதினோராம் வகுப்புப் பாடநூலில் இருந்த அந்தப் படம் நாடாளுமன்றத்தில் கொந்தளிப்பை உண்டாக்கியது. பிரச்சினையை எழுப்பியவர்களில் தொல். திருமாவளவனும் ஒருவர். நேருவின் சாட்டை நத்தையின் மேல் விழுகிறதா, அம்பேத்கரின் முதுகின் மேல் விழுகிறதா? தலைமுறை தலைமுறையாக முதுகில் அடி வாங்கிய சமூகத்தைச் சேர்ந்த ஒரு மாணவர் அதை எப்படிப் பார்ப்பார் என்பது, வரைந்தவரின் நோக்கத்தை மட்டும் சொல்லி முடித்துவிடக்கூடிய கேள்வியல்ல. அந்த வருத்தம் உண்மையானது. அதே நேரத்தில், நூலின் ஆலோசகர்களில் ஒருவரான சுகாஸ் பல்ஷிகரின் புணே அலுவலகம் தாக்கப்பட்டதற்கு அந்த வருத்தம் நியாயம் ஆகாது. அடுத்த மாதமே, இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றி ஆர்.கே. லட்சுமண் வரைந்து பன்னிரண்டாம் வகுப்பு நூலில் இடம்பெற்ற படத்தை நீக்கச் சொல்லிக் கருணாநிதி குரல் கொடுத்தார். 1987-இல் ஆண்ட கட்சி ஒன்று, 2012-இல் எதிர்த்த கட்சிகள் வேறு, 2025-இல் புகார் கொடுத்தது மற்றொன்று. கேலியைத் தாங்கிக்கொள்ளும் குணத்தை எந்தக் கட்சிக்கும் தனியாக எழுதி வைக்க முடியாது.

சங்கரின் படம் இன்று புதிதாக வரையப்பட்டால் சட்டம் எப்படிப் பார்க்கும் என்பது உண்மையிலேயே ஐயத்துக்குரியது. 2016 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் உயர்வாக மதிக்கும் மறைந்த ஒருவரை, அந்தச் சமூகங்களைச் சேராத ஒருவர் அவமதிப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். முன்ஜாமீனுக்கு அந்தச் சட்டத்தில் தடையும் இருக்கிறது. ஒரு கேலிச்சித்திரம் எப்போது அவமதிப்பாகிறது என்று நீதிமன்றம் சூழலைப் பார்த்தே முடிவு செய்யும். முதலமைச்சரை வரைவதையும் இதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அதுபோலவே மதம்: வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு மத உணர்வைப் புண்படுத்தினால்தான் குற்றம் என்று சட்டம் சொன்னாலும், நோக்கம் என்ன என்பது விசாரணையில்தான் தெரியும், கைது அதற்கு முன்பே நடந்துவிடும். நீதிபதிகளை வரைவது மூன்றாவது. உச்ச நீதிமன்றம் பற்றிய படங்களுக்காகக் கார்ட்டூனிஸ்ட் ரச்சிதா தனேஜா மீது அவமதிப்பு நடவடிக்கைக்கு 2020 டிசம்பரில் அட்டர்னி ஜெனரல் ஒப்புதல் கொடுத்தார். அவதூறில் கிடைக்கும் விதிவிலக்குகள் நீதிமன்ற அவமதிப்பில் அதே வடிவில் கிடைப்பதில்லை. பொது வாழ்வில் இல்லாத சாதாரண மனிதரை வரைவதற்கு என்னிடம் ஒரே ஆலோசனைதான்: வரையாதீர்கள்.

2025-இன் விகடன் விவகாரத்தையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அங்கே யாரும் கைதாகவில்லை, ஆனாலும் தண்டனை நடந்தது. அமெரிக்கா இந்தியர்களை விலங்கிட்டுத் திருப்பி அனுப்பியதை ஒட்டி, அதிபர் டிரம்பின் அருகில் பிரதமர் மோடி விலங்கோடு அமர்ந்திருப்பதாக விகடன் பிளஸ் இதழின் அட்டையில் ஒரு படம் வந்தது. சில நாளில், பா.ஜ.க.வின் அப்போதைய மாநிலத் தலைவர் அண்ணாமலை புகார் கொடுத்த அதே நாட்களில், முழு இணையதளமும் திறக்காமல் போயிற்று. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு போன்ற சில காரணங்களுக்காகவே முடக்கத்தை அனுமதிக்கிறது. பிரதமரைக் கேலி செய்வது அந்தப் பட்டியலில் இல்லை. மார்ச் 6 அன்று சென்னை உயர்நீதிமன்றம், அந்தப் படம் உள்ள பக்கத்தைத் தற்காலிகமாக நீக்கிவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று இடைக்கால உத்தரவிட்டது. ஒரு படத்துக்காகப் பல்லாயிரம் பக்கங்களை மூடியது அளவுக்கு மீறியது என்பதில் எனக்கு ஐயமில்லை. படத்தை நீக்கினால்தான் தளம் என்ற அந்த இடைக்கால ஏற்பாட்டை வெற்றி என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

நீதிமன்றங்கள் எப்போதும் வரைபவர் பக்கம்தான் என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். இந்தூரைச் சேர்ந்த கார்ட்டூனிஸ்ட் ஹேமந்த் மாளவியாவுக்கு, பிரதமரையும் ஆர்.எஸ்.எஸ். அமைப்பையும் பற்றிய படத்துக்காகப் பதிவான வழக்கில், 2025 ஜூலையில் மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம் அவர் எல்லை மீறிவிட்டதாகச் சொல்லி முன்ஜாமீன் மறுத்தது. உச்ச நீதிமன்றம்தான் கைதிலிருந்து இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தது, அதுவும் படத்தைப் பற்றிய அதிருப்தியை மறைக்காமலே. அதே ஆண்டு மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய பேச்சு சார்ந்த புகார்களில் வழக்குப் பதியும் முன் முதல்நிலை விசாரணை நடத்துவது நல்லது என்றும், எதற்கெடுத்தாலும் புண்படும் மனத்தை அளவுகோலாக வைக்கக் கூடாது, உறுதியான மனமுள்ள நியாயமான மனிதரையே வைக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தவை. உங்கள் வழக்கு எந்த நீதிபதியிடம் போகும் என்பதை எந்த வழக்கறிஞராலும் சொல்ல முடியாது.

ஆகவே நடைமுறைக்குச் சில வார்த்தைகள். இவை பொதுவானவை, குறிப்பிட்ட புகார் வந்துவிட்டால் அதைப் படித்துப் பார்க்கும் ஒரு வழக்கறிஞர் சொல்வதே முக்கியம். எந்தச் செய்தியை வைத்து வரைந்தீர்களோ அந்த நாளிதழ் நறுக்கையோ இணைப்பையோ படத்தின் மூலக் கோப்போடு தேதியுடன் வைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணம் இருந்தது என்று பிறகு காட்ட உதவுவது அதுதான். தொகை, தேதி, பெயர் போன்றவற்றை வசனத்தில் எழுதும்போது மட்டும் கைக்கு ஆதாரம் இருக்கிறதா என்று ஒருமுறை நின்று யோசியுங்கள். படத்தின் மிகைப்படுத்தலைவிட வசனத்தின் விவரங்களே அதிகம் மாட்டிவிடுகின்றன. போலீஸிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தால் எழுத்து மூலம் நோட்டீஸ் கேளுங்கள், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போக வேண்டும், போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும். பயந்துபோய்ப் படத்தையும் கோப்பையும் அழித்துவிடாதீர்கள்; நீக்குவதா வேண்டாமா என்பதை வழக்கறிஞரோடு பேசிய பிறகு முடிவு செய்யலாம். உங்கள் படத்தை யாராவது எடுத்து, தம் சொந்த வசனத்தைச் சேர்த்துப் பரப்பினால், அந்த வசனம் எவ்வளவு பிடித்திருந்தாலும் அதை நீங்கள் ஆமோதித்து மறுபகிர்வு செய்யாதீர்கள். மாளவியாவின் படம் 2021-இல் வெளியானபோது வழக்கு எதுவும் இல்லை. நான்கு ஆண்டு கழித்து வேறொருவர் வரிகள் சேர்த்துப் போட்டதை அவர் தம் பக்கத்தில் பகிர்ந்த பிறகுதான் அது காவல் நிலையம் வரை போனது.